கவசத்தின் உள்பக்கம்

அத்தியாயம் 8

"அம்மன் மேல இருக்க அந்தக் கவசத்தைக் கழட்டுங்க. நான் அதோட உள்பக்கத்தைப் பாக்கணும்."

மணி அடித்துக்கொண்டிருந்த பூசாரியின் கை பாதியில் நின்றது. செம்பூரின் அந்தச் சின்னக் கோயிலில் மொத்தம் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

என் பக்கத்தில் நின்ற ஆபீஸ் உதவியாள் தௌசீப் உதட்டை அசைக்காமல் பேசினான். "மேடம், செருப்பு வெளிய கிடக்கு. ஓடுறதா இருந்தா இப்பவே சொல்லிருங்க. நான் போய் வாசப்பக்கமாத் திருப்பிப் போட்டு வைக்கேன்."

இந்த ஒரு விஷயத்தைக் கேட்கவே கூடாது என்று நேற்று மாலை போனில் என் முதலாளி ஜகந்நாதன் சொல்லியிருந்தார். "கட்சிக்காரன்கிட்ட எதை வேணும்னாலும் கேளு, இசக்கி. அவன் சாமியைக் கேக்காதே. கவசம்ங்கற பேச்சே உன் வாயில வரப்படாது."

வந்துவிட்டது.

எங்களிடம் வழக்கைக் கொடுத்த கட்சிக்காரர் பிரம்மநாயகம் எனக்கு எதிரே வந்து நின்றார். செம்பூரில் இரண்டு பைப் கடை, இந்தக் கோயிலின் தர்மகர்த்தா. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒங்கப்பன் எங்க கடை வாசல்ல கைவண்டி இழுத்தவன். மக பி.எஸ்ஸி. முடிச்சிட்டான்னு சொன்னப்ப நானும் சந்தோசப்பட்டேன். இதுக்குத்தான் படிச்சியா?"

"ஆமா. இதுக்குத்தான்."

"நீ யாருக்குட்டி வேலை பாக்க? எனக்கா, அந்த டிரைவர் பயலுக்கா?"

"என் கையெழுத்துக்கு."

அவர் வாசலைக் காட்டினார். நாங்கள் போனோம். செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன். கருவறைக்குப் பக்கத்தில் அவர் மனைவி கோமதியம்மாள் கையில் விபூதித் தட்டோடு நின்றிருந்தார். எல்லோரும் என்னைக் கோபமாகப் பார்த்தார்கள். அவர் மட்டும் பயந்து பார்த்தார்.

அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

*

பதினெட்டு நாட்களுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை பகல் ஒன்று பத்துக்கு, சுனாபட்டியில் ஒரு வெள்ளை கார் செண்பகவல்லி என்ற பெண்ணை அடித்துவிட்டு நிற்காமல் போனது. நாலு வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். மூன்றாவது வீட்டிலிருந்து நாலாவது வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

கார் பிரம்மநாயகத்துடையது. "நான்தான் ஓட்டினேன்" என்று அவருடைய டிரைவர் சாய்நாத் தானே போய்ச் சரணடைந்தான். ஒரு வாரம் உள்ளே இருந்த பிறகு பேச்சை மாற்றினான். ஓட்டியது சேட்டின், அதாவது பிரம்மநாயகத்தின், மகன் வேல்ராஜ். தான் சயானில் டீக்கடை வாசலில் நின்றபோது வேல்ராஜ் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, சாவியைக் கையில் திணித்து, பின் சீட்டிலிருந்து சிவப்புத் துணி மூட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு டாக்ஸியில் ஏறிப் போனான். பழியை ஏற்றுக்கொள்ளச் சொன்னது சேட். இதுதான் அவன் சொன்னது.

சேட் எங்கள் மாட்டுங்கா துப்பறியும் அலுவலகத்துக்கு வந்தார். அந்த நேரத்தில் தன் மகன் தாராவியில் இருந்தான் என்று நிரூபித்துத் தர வேண்டும்.

நிரூபித்தேன். நான்தான் நிரூபித்தேன்.

அன்றைக்கு அம்மனின் செப்புக் கவசத்துக்கு வெள்ளி முலாம் பூச, தாராவியில் முகம்மது ஹனீப்பின் பட்டறைக்கு வேல்ராஜ் வந்திருந்தான். கோயில் சாமான் தொட்டியில் இருக்கும்வரை கோயில் ஆள் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஹனீப் பன்னிரண்டரைக்குக் கவசத்தைத் தொட்டியில் இறக்கி, மின்சாரத்தை ஐந்து ஆம்பியரில் வைத்துவிட்டு, பூட்டையும் சாவியையும் எடுத்துக்கொண்டு ஜும்ஆ தொழுகைக்குப் போனார். சாப்பிட்டுவிட்டு இரண்டரைக்குத் திரும்பினார். வேல்ராஜ் அதே ஸ்டூலில். அம்மீட்டர் முள் அதே ஐந்தில். கவசத்தை எடுத்து நிறுத்தார்கள். நாற்பது கிராம் வெள்ளி ஏறியிருந்தது.

வெள்ளித் தொட்டியில் ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் நாலு கிராம் வெள்ளி ஏறும். ஐந்து ஆம்பியர், இரண்டு மணி நேரம் என்றால் நாற்பது. பூட்டில்லாத பட்டறையில், தாராவிச் சந்தில், முலாமுக்காகத் தொங்கவிட்ட வெள்ளிக் கட்டிகளைத் தொட்டியில் விட்டுவிட்டு எவனும் எழுந்து போக மாட்டான். ஆகவே மின்சாரம் ஓடியவரை வேல்ராஜ் அங்கே இருந்தான். அவனுடைய போன் பட்டறையில் சார்ஜில் கிடந்தது; இரண்டு மணி நேரமும் அந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை என்று டவர் சொன்னது. சந்தில் ஒரு கேமரா உண்டு. ஒரு வருஷமாக அதில் ஒயர் மட்டும் தொங்குகிறது.

மின்னூட்டத்தை நேரத்தால் வகுத்தால் மின்னோட்டம். தாராவி முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் படித்த சூத்திரம். எங்கள் சந்தில் அதைப் படித்து முடித்த முதல் பெண் நான். அதைத் திருப்பிப் போட்டு நேரத்தைக் கண்டுபிடித்தேன். பெருமையாக இருந்தது. ஒன்றரைப் பக்கம் அறிக்கை எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன். அதோடு சாய்நாத்தின் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை.

இன்று மூன்று மணிக்கு குர்லா கோர்ட்டில் அவனுடைய ஜாமீன் மனு. எதிரே வைக்கப்போவது என் அறிக்கை.

அந்தப் பெருமை நேற்று ஒரு சார்ஜரில் உடைந்தது.

தாதர் ஸ்டேஷனில் தௌசீப் தன் போனைக் காட்டிப் பீற்றிக்கொண்டிருந்தான். "புது சார்ஜர் மேடம். அரை மணியில ஃபுல். ஒங்க டப்பா ரெண்டு மணி நேரம் முக்கும். கடைசியில ரெண்டு போனும் நூறுதான் காட்டும். எது எவ்வளவு நேரம் குடிச்சுதுன்னு பாத்தவன் சொல்ல முடியுமா?"

சிரிக்க வாயைத் திறந்தேன். மூட மறந்துவிட்டேன்.

ஐந்து ஆம்பியர் இரண்டு மணி நேரம் ஓடினால் நாற்பது கிராம். இருபது ஆம்பியர் அரை மணி ஓடினாலும் நாற்பது கிராம்தான்.

முள்ளை ஹனீப் பார்த்தது இரண்டு தடவை. பன்னிரண்டரைக்கு ஒன்று, இரண்டரைக்கு ஒன்று. இடையில் அது எங்கே இருந்தது என்று நான் யாரையும் கேட்கவில்லை. அம்மீட்டர் இந்த நிமிஷம் என்ன ஓடுகிறது என்று மட்டும்தான் சொல்லும். போன நிமிஷம் அதற்கு ஞாபகம் இருக்காது.

வேல்ராஜும் பத்தாவது படித்தவன்தான். அது எனக்குத் தோன்றவே இல்லை.

*

கோயிலிலிருந்து தௌசீப்பின் ஸ்கூட்டரில் தாராவிக்கு வந்தபோது மணி பதினொன்று. ஹனீப்பின் பட்டறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. மூன்று தொட்டி, ஒரு மிஷின், ஒரு தராசு. வாசல்படியில் அவர் மனைவி பீவி உட்கார்ந்து செப்புக் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஹனீப் மாமா, இந்த முள்ளைக் கூட்டி வச்சா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"வெரசா ஏறும். ஆனா கருகிரும்மா. இம்மாம் பெரிய கவசத்துக்கு அஞ்சுதான் அளவு. ஏழு, எட்டு தாங்கும். பதினஞ்சைத் தாண்டுச்சுன்னா ஓரமெல்லாம் கருத்துப் பொரிஞ்சு போவும்."

"அன்னைக்குக் கவசத்துல கருப்பு இருந்துதா?"

அவர் தாடியைத் தடவினார். "நான் எங்க பாத்தேன்? கடைச் சாமான்னா திருப்பித் திருப்பிப் பாப்போம். இது சாமி சாமான். தொட்டியை விட்டு எடுத்த பெறவு நம்ம கை அதுல படக் கூடாதுன்னு நானே ஒரு மரியாதை வச்சிருக்கேன். முன்னாடியே நிறுத்து வச்ச சிவப்புத் துணியில அந்தத் தம்பியே பொதிஞ்சு தராசுல வச்சாரு. நான் எடையைப் பாத்து எழுதினேன். அவ்வளவுதான்."

"மாமா வச்ச மரியாதையில ஒருத்தன் தப்பிச்சிட்டான்" என்றான் தௌசீப்.

"என்னலே சொல்லுத?"

"ஒண்ணுமில்ல மாமா. நாங்க வெளிப்பக்கம் பாத்தோம், பளபளன்னு இருக்கு. தர்மகர்த்தா சம்சாரம் விபூதி போட்டுத் தேய்க்கிற தேய்ப்புல அம்மனுக்கே மூச்சு முட்டும்."

"வெளிய தேய்ப்பாக. உள்பக்கத்தை ஆரு தேய்ப்பா?" என்றார் ஹனீப்.

அதைத்தான் காலையில் கேட்டு நான் வெளியே தள்ளப்பட்டேன்.

பீவி கம்பி வெட்டுவதை நிறுத்தினார். "ஏம்மா, கம்பி சமாச்சாரத்தைக் கேக்கலையா நீ?"

"எந்தக் கம்பி?"

"தொட்டிக்குள்ள சாமானைத் தொங்கவிடுத கம்பி. அது தொட்டுக்கிட்டு இருக்க இடத்துல வெள்ளி ஏறாது. செம்பு அப்படியே செவப்பா நிக்கும். அதுக்காவ அரை மணிக்கு ஒருக்கா புதுக் கம்பி போட்டு வேற இடத்துல மாட்டணும். முதல்ல மாட்டுன இடத்துலயும் பெறவு ஏறிரும். ரெண்டு மணி நேரத்துக்கு நாலு கம்பி. அந்தத் தம்பிகிட்ட நாந்தான் வெட்டிக் கொடுத்தேன்."

என் பையில் வேல்ராஜின் வாக்குமூலம் இருந்தது. அவனே எழுதிக் கொடுத்தது. 'ஹனீப் பாய் சொன்னபடி அரை மணிக்கு ஒரு முறை கம்பியை மாற்றினேன். மூன்று முறை.'

"நாலு கம்பியும் திரும்பி வந்துதா மாமி?"

"வந்துச்சு. ஒண்ணுதான் வெள்ளையா வந்துச்சு. மத்த மூணும் நான் வெட்டிக் கொடுத்த மேனிக்குச் செம்பாவே கிடந்துச்சு."

தௌசீப் விசில் அடிக்க உதட்டைக் குவித்து, ஹனீப்பின் முகத்தைப் பார்த்து விரித்துக்கொண்டான்.

"இதை ஏன் மாமி முன்னாடியே சொல்லல?"

"ஆரு கேட்டா?" பீவி கத்தரியை எடுத்துக்கொண்டார். "நீ வந்தே. அவுககிட்ட எடை கேட்டே, மணி கேட்டே. என்னைத் தாண்டித்தான் உள்ள போனே. கம்பி வெட்டுதவளுக்கு என்ன தெரியும்னு போயிட்டே."

என் அம்மாவைத் தாண்டி இப்படி உள்ளே போனவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். நானும் ஒருத்தி ஆகிவிட்டேன்.

"அந்த மூணு கம்பி?"

"அடுத்த நாளே வேற வேலைக்குப் போட்டாச்சு."

ஆக, மிச்சம் இருப்பது கவசத்தின் உள்பக்கம் ஒன்றுதான்.

அப்போது தௌசீப்பின் போன் அடித்தது. கேட்டான். முகத்தில் இருந்த கேலி போய்விட்டது.

"கோயில் வாசல்ல பூ விக்கிற அக்கா. போறப்ப நம்பர் கொடுத்துட்டு வந்திருந்தேன்." போனைப் பைக்குள் போட்டான். "கோமதியம்மா உங்களைப் பின்வாசலுக்கு வரச் சொல்லுதாவளாம். தனியா."

*

கோயிலின் பின்பக்கம் ஒரு குழாயடி. பன்னிரண்டு மணி அபிஷேகத்துக்குக் கவசத்தைக் கழற்றியிருந்தார்கள். மரப்பலகையில், சிவப்புத் துணிமேல், கவிழ்த்து வைத்திருந்தது. பிரம்மநாயகம் கடைக்குப் போயிருந்தார்.

கோமதியம்மாள் என்னை உட்காரச் சொல்லவில்லை. தானும் உட்காரவில்லை.

"படிச்சவதானே நீ? உள்பக்கம் பாக்கணும்னு ஏன் கேட்டே? உள்ள என்ன இருக்கும்னு நெனச்சே?"

"ஓரம் கருத்திருக்கும். ஒரு இடத்துல செம்பு தெரியும்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு கவசத்தைத் திருப்பினார்.

ஓரம் முழுவதும் அடுப்புக்கரி தடவியதுபோல் ஒரு கறுப்புக் கோடு. தொட்டால் சொரசொரத்தது. இடது தோளின் உட்புறத்தில் குங்குமம் அப்பியிருந்தது. ஈரத் துணியால் அவரே அதைத் துடைத்தார். மிளகு அளவுக்குச் செம்பு. முலாம் ஏறாத வெறும் செம்பு.

"முதல் நாள் தேய்க்கையிலேயே பாத்தேன். அம்மன் உடம்புல காயம் மாதிரி இருந்துச்சு. எங்க குடும்பம் என்ன குத்தம் செஞ்சுதோன்னு பயந்து குங்குமத்தை வச்சு மூடிட்டேன். அவுககிட்டயும் சொல்லல. பூசாரிகிட்டயும் சொல்லல." என்னை நேராகப் பார்த்தார். "நீ சொல்லு. இதுக்கு என்ன அர்த்தம்?"

ஒரு தாயிடம் இதை நயமாகச் சொல்ல ஆயிரம் வழி இருக்கும். எனக்கு ஒன்றும் தெரியாது.

"ஒங்க மகன் ரெண்டு மணி நேரம் அங்க இல்லம்மா. இந்தக் கருப்பு பதினஞ்சு ஆம்பியருக்கு மேல ஓடுனாத்தான் வரும். பதினஞ்சுல ஓடுனாலும் நாப்பது கிராம் ஏற நாப்பது நிமிஷம் போதும். அதுக்கு மேல ஓடியிருந்தா இன்னும் குறைச்சல். வெள்ளியோட எடை மாறல. மின்சாரம் கூடிருக்கு. அப்ப நேரம்தான் குறைஞ்சிருக்கணும். அவரு கம்பியை மூணு தடவை மாத்துனேன்னு எழுதிக் கொடுத்திருக்காரு. ஒரு தடவை மாத்தியிருந்தாக்கூட இந்தச் செவப்பு இருக்காது."

"மிச்ச நேரம் எங்க இருந்தான்?"

"கார்ல."

"கவசம்?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. என் கணக்கு அதுவரை போகவில்லை. அவர் கேட்டவுடன் எல்லாம் ஒரே வரியில் வந்து நின்றது. பட்டறைக்குப் பூட்டு இல்லை. வெள்ளியை விட்டுவிட்டுப் போக முடியாது. மிஷினை நிறுத்தி, கவசத்தையும் கட்டிகளையும் துணியில் பொதிந்து கையோடு எடுத்துக்கொண்டுதான் போயிருக்க வேண்டும். டாக்ஸியில் திரும்பி வந்து மறுபடி தொட்டியில் இறக்கி, முள்ளைக் கூட்டி ஓட்டி, ஹனீப் வருவதற்குள் ஐந்துக்கே குறைத்து வைத்திருக்க வேண்டும். பின் சீட்டில் சிவப்புத் துணி மூட்டை என்று சாய்நாத் சொன்னான். புளுகு என்று நான் அடித்த ஒரு வரி.

"கவசமும் கார்லதாம்மா இருந்துது. அந்தம்மா மேல கார் ஏறுனப்ப."

கோமதியம்மாள் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தௌசீப் தூரத்தில் சுவரைப் பார்த்து நின்றான்.

"அந்தப் பொம்பளை பேரு என்ன?"

"செண்பகவல்லி."

ஒரு தடவை அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "போட்டோ எடுக்கணுமா?"

"ஆமா."

"எடுத்துக்கோ."

எடுத்தேன். ஆறு படம். ஒவ்வொன்றிலும் கவசத்தைப் பிடித்திருந்தது அவர் கைதான். வளையல் தெரிகிறது, மோதிரம் தெரிகிறது. மறைத்துக்கொள்ள அவர் முயலவில்லை.

கடைசிப் படம் முடிந்ததும் குங்குமச் சிமிழைத் திறந்தார். விரலில் தொட்டார். பிறகு, அந்தச் செம்புப் புள்ளிமேல் வைக்காமல், சிமிழை மூடிவிட்டார்.

*

மாட்டுங்கா அலுவலகத்தில் ஜகந்நாதன் சார் மத்தியான காபி குடித்துக்கொண்டிருந்தார். மணி இரண்டு. சாய்நாத்தின் அக்கா கீழே மாடிப்படியில் பிளாஸ்டிக் ஃபைலோடு உட்கார்ந்திருந்தாள். தம்பிக்கு எதிராக அறிக்கை எழுதிய ஆபீஸ் எப்படி இருக்கும் என்று பார்க்க வந்தாளோ என்னவோ.

வரும் வழியில் பிரிண்ட் போட்ட போட்டோக்களை மேஜையில் பரப்பி, எல்லாவற்றையும் சொன்னேன். சார் டம்ளரைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கம்பியை மாத்த மறந்துட்டான்னு சொல்லுவான்."

"ஓரத்துக் கருப்பை எப்படி மறப்பான் சார்?"

"ம்." என் அறிக்கையின் நகலை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "'மின்னோட்டம் தொடக்கம் முதல் முடிவு வரை மாறாமல் ஐந்து ஆம்பியராக இருந்தது.' யார் எழுதினது?"

"நான்."

"மாறாமல் இருந்ததுன்னு நோக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானா எடுத்துக்கிட்டேன். தப்பு."

"தப்புன்னா சாதாரணத் தப்பா? கோர்ட்டுக்குப் போன பேப்பர்மா. இன்னிக்கு நீ போய் மாத்திச் சொன்னா, பொய் அறிக்கை குடுத்தவள்னு உன் பேர்தான் நாறும். இந்த ஊர்ல ஒரு ஏஜென்ஸி உன்னை வாசல்ல ஏத்தாது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?" சாய்ந்துகொண்டார். குரலில் கோபமில்லை, சலிப்புதான். "அன்னிக்கே நான் உன்னைக் கேட்டேனே, ஞாபகம் இருக்கா? 'நடுவுல கரண்ட்டைக் கூட்டிக் குறைச்சிருந்தா என்னடி பண்ணுவே'ன்னு?"

ஞாபகம் இருந்தது. இதே மேஜை. இதே டம்ளர். நான் சிரித்துக்கொண்டே சொன்ன பதிலும் ஞாபகம் வந்தது. 'ஃபார்முலா மாறாது சார்.'

"அப்ப நீங்க..."

"நானும் ரூயியா காலேஜ்ல ஃபிஸிக்ஸ் படிச்சவன்தாம்மா. ஓட்டை எங்கே இருக்குன்னு மொத நாளே தெரியும். மத்தவாளை அனுப்பியிருந்தா சந்தேகப்படுவா, ரெண்டு நாள் இழுப்பா. நீ படிச்சதை அப்படியே நம்பறவ. கஷ்டப்பட்டுப் படிச்சவா எல்லாரும் அப்படித்தான். அதனாலதான் உன்னை அனுப்பினேன்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கதவருகே தௌசீப் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

என்னைத் திறமைக்காக அனுப்பினார் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். கைவண்டி இழுத்த என் அப்பா அதை டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லியிருந்தார்.

"இப்ப ஒண்ணும் கெட்டுப்போகலை" என்றார் சார். "போட்டோவை என்கிட்ட குடு. ஆத்துக்குப் போ. நாலு நாள் லீவு எடுத்துக்கோ. இல்லை, போகத்தான் போறேன்னா..." மேஜையின் இடதுபக்க இழுப்பறையைத் தட்டினார். "உன் டிகிரி சர்ட்டிஃபிகேட் ஒரிஜினல் இங்கே இருக்கு. சேரும்போது நீயே குடுத்தது. ரூல்ஸ் தெரியுமோன்னோ? பாதியில விட்டுட்டுப் போறவாளுக்கு நான் அதைத் தேடி எடுத்துக் குடுக்கறதுக்கு ரொம்ப நாளாகும்."

அந்தச் சர்ட்டிஃபிகேட்டை எங்கள் வீட்டில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். இரண்டு வருஷமாக ஆணி மட்டும்தான் இருக்கிறது.

போட்டோக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்தேன். பிறகு பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அவர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்னது இது?"

"இதோட ஒரிஜினல் என்கிட்ட இருக்கு சார். கோர்ட்டுல சாய்நாத்தோட வக்கீல் கையில கொடுக்கப் போறேன். என் அறிக்கை தப்பு, எப்படித் தப்புன்னு அரைப்பக்கம். செம்பூர்லயே எழுதிட்டேன். கோயில் குழாயடியில உக்காந்து. கையெழுத்தும் போட்டாச்சு."

அவர் வாசிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "அப்ப எங்கிட்ட எதுக்கு வந்தே?"

"சர்ட்டிஃபிகேட்டைக் கேக்கலாம்னுதான் வந்தேன். இப்ப வேண்டாம். நீங்களே வச்சுக்கங்க."

திரும்பினேன். "இசக்கி" என்று ஒரு தடவை கூப்பிட்டார். "ஏய், இசக்கிசெல்வி" என்று இன்னொரு தடவை. கதவைத் திறந்து வைத்திருந்தது தௌசீப்தான்.

"சார், எனக்கும் நாலு நாள் லீவு" என்றான் அவன். "எங்கிட்ட சர்ட்டிஃபிகேட்டும் கிடையாது. நீங்க எதை வச்சுப் பிடிப்பிய?"

படியிறங்கினேன். சாய்நாத்தின் அக்கா எழுந்து நின்றாள். "சலோ, கோர்ட்" என்றேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு டாக்ஸியைத் தேடி ஓடினாள்.

தௌசீப் ஸ்கூட்டரை உதைத்தான். மணி இரண்டே கால்.

"குர்லாவுக்கு எவ்வளவு நேரம்லே ஆகும்?"

"தூரம் மாறாது மேடம். நேரம் என் கையில இருக்கு. முறுக்குனா இருபது நிமிஷம்." ஆக்ஸிலேட்டரை ஒரு தடவை உறுமவிட்டுக் காட்டினான்.

பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

"மெதுவாவே போ. ரோட்டுல ஆள் நடப்பாவ."